குரோம்புக் வாங்கி ஒரு வாரம்: மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு இது போதுமா?

#1 எழுத்தாணி | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம் நண்பர்களே.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவன். ஒன்பது வருடம் உழைத்த விண்டோஸ் லேப்டாப் போன மாதம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அடுத்து என்ன வாங்குவது என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான், என் வேலையில் முக்கால்வாசி ஏற்கெனவே பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது என்பது உறைத்தது. கோப்பு மின்னஞ்சலில் வருகிறது. கூகுள் டாக்ஸில் திருத்துகிறேன். எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி, சந்தேகம் வந்தால் இணைய அகராதி. முடித்ததும் திருப்பி அனுப்புகிறேன். அப்படியானால் பிரவுசரையே மையமாக வைத்துச் செய்த கருவி போதுமே என்று குரோம்புக் ஒன்று வாங்கிவிட்டேன். இன்றோடு ஏழு நாள் ஆகிறது.

11.6 அங்குலத் திரை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உள்ளே விசிறி கிடையாது.

முதலில் மனதில் நின்றது அமைதி. பழைய லேப்டாப்பில் பெரிய கோப்பைத் திறந்தாலே விசிறி இரையத் தொடங்கிவிடும். அந்த இரைச்சலுக்குக் காது எவ்வளவு பழகிப்போயிருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. முதல் நாள் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறைச் சுவர்க்கடிகாரம் நகர்வது கேட்டது. மூடியைத் திறந்தால் விட்ட இடத்தில் நிற்கிறது. முழுவதும் அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும் பத்து விநாடிக்குள் கடவுச்சொல் கேட்கிறது.

தட்டச்சில்தான் முதல் இரண்டு நாள் திணறினேன். கேப்ஸ் லாக் இருக்க வேண்டிய இடத்தில் பூதக்கண்ணாடி போட்ட ஒரு விசை இருக்கிறது. டெலீட், ஹோம், எண்ட் எதுவும் தனியாக இல்லை. மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு டெலீட் விசை என்பது தச்சனுக்கு உளி மாதிரி. வரியின் நடுவில் கர்சரை வைத்து, வலப்பக்கம் இருக்கும் ஓர் ஒற்றை எடுத்துவிட்டுப் போவதுதான் நாள் முழுக்கச் செய்கிற காரியம். பூதக்கண்ணாடி விசையோடு பேக்ஸ்பேஸை அழுத்தினால் அதே வேலை நடக்கிறது என்று இரண்டாம் நாள் மாலை கண்டுபிடித்தேன். அதே விசையோடு இடது அம்பை அழுத்தினால் வரியின் தொடக்கம், வலது அம்பு என்றால் வரியின் முடிவு. இப்போது இடது கைச் சுண்டுவிரல் தானாகவே அங்கே போகிறது.

தமிழ் உள்ளிடுவதில் எனக்குப் பெரிய பயம் இருந்தது. விண்டோஸில் என்.எச்.எம். ரைட்டர் போட்டு வைத்திருந்தேன், அது இங்கே ஓடாது. ஆனால் அமைப்புகளில் மொழி, உள்ளீடு என்ற பகுதிக்குப் போனால் ஒலிபெயர்ப்பு, தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி முறை என்று வரிசையாக இருக்கின்றன. எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. தமிழ்99ஐச் சேர்த்துக்கொண்டேன். கண்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறுகிறது.

சரி, இடித்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து பதினாறு டேப் திறந்ததும் பழைய டேப்கள் நினைவகத்திலிருந்து கழன்றுவிடுகின்றன. திரும்பிப் போனால் பக்கம் புதிதாக ஏறுகிறது. டாக்ஸ் தானாகவே சேமித்துக்கொள்வதால் அங்கே நஷ்டம் இல்லை. ஆனால் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பாதிவரை நிரப்பிவிட்டு அகராதி பார்க்கப் போய்விட்டுத் திரும்பினேன், மொத்தமும் காலி. மறுபடி முதலிலிருந்து நிரப்பினேன்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. என்னிடம் 2003 முதல் சேர்ந்த கையெழுத்துப் படிகள் நிறைய உண்டு, பாதிக்கு மேல் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அவற்றில் ஒன்றை டாக்ஸில் திறந்தேன். தமிழ் என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நின்றது. பக்கம் முழுக்க அப்படித்தான். விண்டோஸ் என்றால் எழுத்துருவை நிறுவிவிட்டுப் படிப்பேன். இதில் எழுத்துரு நிறுவும் இடத்தையே என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று கேள்விகள். பாமினிக் கோப்புகளை என்ன செய்வது? இணையம் இல்லாதபோது எந்த அளவுக்கு நம்பலாம்? இந்தக் கருவிக்கு எத்தனை வருடம் அப்டேட் வரும்?

#2 கணினிவாத்தியார் | ஞாயிறு, இரவு 10.15

நல்ல பதிவு, எழுத்தாணி. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் முப்பது குரோம்புக்குகளைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். வாங்குவதற்கு முன்பே பலரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒவ்வொரு குரோம்புக்குக்கும் தானியங்கி அப்டேட் முடியும் தேதி ஒன்று உண்டு. அமைப்புகளில் கடைசியாக இருக்கும் குரோம்ஓஎஸ் (குரோம்புக்கின் இயங்குதளம்) பற்றிய பகுதிக்குப் போய், கூடுதல் விவரங்களைத் திறந்தால் மாதமும் வருடமும் எழுதியிருக்கும். 2023 செப்டம்பரில் கூகுள் இந்தக் காலத்தைப் பத்து வருடமாக உயர்த்தியது. 2021லிருந்து வந்த கருவிகளுக்கு இது தானாகவே கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் பத்து வருடம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த வன்பொருள் வகை முதன்முதலில் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நான்கு வருடம் முன்பு வந்த மாடலைப் புத்தம் புதிதாகப் பெட்டியோடு இன்று வாங்கினாலும் உங்களுக்கு மிச்சம் ஆறு வருடம்தான். தேதி முடிந்த பிறகு கருவி நின்றுவிடாது, ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வராது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கருவியில் அது சின்ன விஷயம் இல்லை.

மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஒரு பிள்ளையின் கருவியில் திரை உடைந்துவிட்டது என்று வையுங்கள். இன்னொன்றைக் கையில் கொடுத்து, உன் கணக்கில் நுழை என்றால், ஐந்து நிமிடத்தில் அதே கட்டுரை, அதே புக்மார்க், அதே பின்னணிப் படம். பாடம் நிற்பதில்லை. முன்பு இதே நிலைமையில் ஒரு வகுப்பு நேரம் முழுக்கப் போய்விடும்.

#3 புதுவரவு | ஞாயிறு, இரவு 10.32

அப்டேட் நடக்கும்போது காத்திருக்க வேண்டுமா? வீட்டில் இருக்கும் லேப்டாப் அவசரத்துக்குத் திறக்கும்போதுதான் அப்டேட் ஆரம்பிக்கிறது. அதனால் கேட்கிறேன்.

#4 முனையம் | ஞாயிறு, இரவு 11.05

காத்திருக்க வேண்டாம், புதுவரவு. குரோம்ஓஎஸ்ஸில் இயங்குதளத்துக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருப்பார்கள். ஒன்றில் நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு அடுத்ததில் எழுதப்பட்டுவிடும். நீங்கள் அடுத்த முறை அணைத்துப் போடும்போது புதியதிலிருந்து தொடங்கும். ஏதோ காரணத்தால் புதியது சரியாகத் தொடங்கவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடும். கூடவே, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இயங்குதளத்தில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே மேலே போகும்.

எழுத்தாணி, பாமினி பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்கு வழி இருக்கிறது, கவலைப்படாதீர்கள். பழைய கோப்பு எதையும் அதுவரை டாக்ஸ் வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்க வேண்டாம்.

#5 நிழற்படம் | திங்கள், காலை 7.20

மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். நான் திருமணப் புகைப்படக்காரன். ஒரு நிகழ்ச்சிக்கு ஆயிரத்துக்கு மேல் ரா கோப்புகள் (கேமரா பதப்படுத்தாமல் தரும் பெரிய படக் கோப்புகள்) வரும். 64 ஜிபி சேமிப்பில் ஒரு நாள் வேலையைக்கூட இறக்க முடியாது. 2023இல் ஃபோட்டோஷாப் இணையத்திலேயே வந்துவிட்டது என்பது உண்மைதான், ஒரு படத்தைத் திருத்த அது போதும். ஆயிரம் படத்தை ஒரே மாதிரி நிறம் சேர்த்து ஏற்றுமதி செய்யும் வேலைக்கு இந்தக் கருவி இல்லை.

ஆனால் என் மேசையில் இரண்டாவது கருவியாக ஒரு குரோம்புக் இருக்கிறது. வாடிக்கையாளர் மின்னஞ்சல், தேதிகள், கணக்கு எல்லாம் அதில்தான். வேலைக்கான பெரிய கணினியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடிகிறது.

#6 மூத்தமகள் | திங்கள், காலை 11.48

அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. மின்னிதழ் படிப்பார், பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவார், பாட்டுக் கேட்பார். முன்பு இருந்த லேப்டாப்பில் மாதம் ஒருமுறையாவது "ஏதோ வந்து நிற்குதும்மா" என்று தொலைபேசி வரும். இப்போது அநேகமாக வருவதில்லை.

ஒரே ஒரு முறை வந்தது. அதை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் குரோம்புக்கில் வைரஸ் வராது என்று நம்பி நானும் கவனமில்லாமல் இருந்துவிட்டேன். திரையின் ஓரத்தில் நிமிடத்துக்கு ஒரு பெட்டி. உங்கள் கணினியில் ஐந்து வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று சிவப்பில். அம்மா கை நடுங்கிப்போய்க் கூப்பிட்டார். நல்லவேளை, அந்த எண்ணை அழைப்பதற்கு முன் என்னை அழைத்தார்.

நடந்தது இதுதான். ஏதோ ஒரு ஜோதிடப் பக்கம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறது, அம்மா "அனுமதி" என்பதை அழுத்தியிருக்கிறார். கருவிக்குள் எதுவும் நுழையவில்லை. அந்தத் தளம் அனுப்பிய அறிவிப்பு மட்டுமே அது. பிரவுசர் அமைப்பில் தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போய் அந்தத் தளத்தை எடுத்துவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று வைத்துவிட்டேன். அதோடு நின்றது. வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். கருவியில் கோளாறு இல்லை என்றாலும், பயமுறுத்துகிறவனுக்குத் தேவை பயப்படுகிற ஒரு மனிதர், அவ்வளவுதான்.

#7 கணினிவாத்தியார் | திங்கள், மதியம் 1.10

நன்றி சகோதரி. எங்கள் ஆய்வகத்திலும் இந்த அனுமதியை மொத்தமாக மூடி வைத்திருக்கிறோம்.

#8 முனையம் | திங்கள், இரவு 9.25

எழுத்தாணி, நேற்றுச் சொன்னபடி பாமினி விஷயம். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பாமினியில் அடித்த கோப்புக்குள் உண்மையில் தமிழ் எழுத்தே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். பாமினி எழுத்துரு அந்த எண்களுக்குத் தமிழ் எழுத்தின் உருவத்தை மாட்டிவிடுகிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் அந்த மாறுவேடம் கலைந்து ஆங்கிலம் தெரிகிறது. யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறையில் அப்படி இல்லை. 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறது. அதனால் எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

குரோம்ஓஎஸ்ஸில் நாமாக எழுத்துரு நிறுவ வழி கிடையாது, நீங்கள் தேடியதில் தவறில்லை. ஆனால் 2018லிருந்து இதற்குள்ளேயே லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தை ஓட்டலாம். அமைப்புகளில் டெவலப்பர்களுக்கான பகுதியில் அதை இயக்கினால், தனிப் பெட்டிக்குள் டெபியன் லினக்ஸ் வந்து உட்காரும். அதில் ஆவணங்களைத் திறந்து திருத்தும் லிப்ரே ஆஃபீஸ் மென்பொருளை நிறுவுங்கள். உங்கள் முகப்புக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் எழுத்துருக் கோப்புறை ஒன்றை உண்டாக்கி, பாமினியின் கோப்பை அதில் போட்டுவிட்டு, லிப்ரே ஆஃபீஸை மூடித் திறங்கள். பழைய கோப்பு முன்பு தெரிந்த மாதிரியே தெரியும். 64 ஜிபியில் லினக்ஸுக்குப் பத்து ஜிபி ஒதுக்கினால் இந்த வேலைக்குப் போதும்.

இது படித்துப் பார்ப்பதற்கு. திருத்தி அச்சுக்கு அனுப்ப வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். மாற்றும் கருவிகள் இணையப் பக்கமாகவே கிடைக்கின்றன. பழைய உரையை ஒரு பெட்டியில் ஒட்டினால் அடுத்த பெட்டியில் யூனிகோடு வரும். மாற்றிய பிறகு மூன்று இடங்களைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள்.

முதலாவது ஆங்கிலச் சொற்கள். மாற்றிக்கு ஆங்கிலமும் பாமினியும் ஒன்றுதான். தமிழ்ப் பத்திக்கு நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தால் அதையும் தமிழெழுத்தாக்கிப் பொருளில்லாத ஒரு கோர்வையாகக் கொடுத்துவிடும்.

இரண்டாவது ஔகாரம். பழைய கோப்புகளில் ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தைப் போட்டு ஔ என்று ஒப்பேற்றியிருப்பார்கள். ஒளவை என்று இரண்டு எழுத்தாக வரும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. மூன்றாவது, கொம்பு. பாமினியில் எகரக் கொம்பை முதலில் அடித்துவிட்டு மெய்யை அடிப்போம். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். மாற்றி இதைச் சரியாகவே செய்யும். ஆனால் மூலத்தில் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் தவறிப்போய் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் அந்தக் கொம்பு அநாதையாக நிற்கும்.

மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம்.

#9 எழுத்தாணி | செவ்வாய், இரவு 8.02

முனையம், எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. லினக்ஸ் என்றதும் கருப்புத் திரை என்று தயங்கினேன். நீங்கள் சொன்ன வரிசையில் செய்தேன், முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. 2006இல் நான் மெய்ப்புப் பார்த்த ஒரு நாவலைத் திறந்தேன். முதல் பக்கம் அப்படியே வந்து நின்றது. அதை எழுதியவர் இப்போது இல்லை. அவருடைய கடைசித் திருத்தங்கள் இருக்கும் ஒரே படி என்னிடம் இருப்பதுதான் என்று நினைக்கிறேன். இந்த வாரம் முழுக்க மனதில் ஒரு கல் இருந்தது, இறங்கியது.

மாற்றிப் பார்த்ததில் நீங்கள் சொன்ன ஔ அச்சு அசலாக அப்படியே. இருபது பக்கத்தில் பதினோரு இடம்.

#10 வடிகட்டி | செவ்வாய், இரவு 10.50

எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது கல்லெறிகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு கணக்கு, ஒரு நிறுவனம். உங்கள் கோப்பு, மின்னஞ்சல், கடவுச்சொற்கள், போன இடம், தேடிய சொல் எல்லாம் ஒரே கதவுக்குப் பின்னால். அந்தக் கதவின் சாவி தொலைந்தாலோ, ஏதோ காரணத்துக்காக அவர்கள் கணக்கை முடக்கினாலோ என்ன செய்வீர்கள்? வன்தட்டு எரிந்தால் அது என் மேசையில் நடந்த விபத்து. கணக்கு முடங்கினால் நான் யாரிடம் போய் நிற்பேன்?

என் நண்பர் ஒருவருக்குக் கணக்கு பதினெட்டு நாள் மூடிக் கிடந்தது. காரணம் கடைசிவரை தெரியவில்லை. திரும்பக் கிடைத்தது. அந்தப் பதினெட்டு நாளும் அவர் பட்டபாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

#11 கணினிவாத்தியார் | புதன், காலை 6.55

வடிகட்டி சொல்வதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அதற்காகக் கருவியை ஒதுக்கவும் மாட்டேன். மாதம் ஒருமுறை கூகுள் டேக்அவுட்டில் மொத்தத்தையும் இறக்கி ஒரு வெளி வன்தட்டில் வைக்கிறேன். குரோம்புக்கில் வன்தட்டைச் செருகினால் மற்ற கணினிகளைப் போலவே கோப்புகள் பகுதியில் வந்து நிற்கும். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, அதற்கான மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி மின்னஞ்சல், டிரைவ், புகைப்படம் மூன்றுக்கும் சேர்த்துத்தான் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அது நிரம்பிவிட்டால் புது மின்னஞ்சல் வருவதே நின்றுபோகும்.

எழுத்தாணி கேட்ட இணையக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். போன பருவத்தில் ஒருநாள் பாதிப் பொழுது இணையம் போய்விட்டது. முப்பது பிள்ளைகளில் ஒன்பது பேர் கட்டுரையை நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒன்பது பேர் டாக்ஸின் ஆஃப்லைன் வசதியை முன்பே இயக்கி வைத்தவர்கள். இணையம் போன பிறகு அதை இயக்க முடியாது. இருக்கும்போதே டாக்ஸ் அமைப்பில் ஆஃப்லைனைப் போட்டு, முக்கியமான கோப்புகளுக்கு ஆஃப்லைனில் வேண்டும் என்று தனியாகக் குறி வைத்துவிடுங்கள். குறி வைத்த பிறகு வைஃபையை அணைத்து ஒருமுறை திறந்தும் பாருங்கள். திறந்தால்தான் நம்பலாம்.

#12 முதல்பதிப்பு | புதன், மதியம் 12.30

இந்த இழையைப் படித்ததும் பழைய நினைவு. 2011 ஜூனில் முதல் குரோம்புக்குகள் விற்பனைக்கு வந்தன, சாம்சங்கும் ஏசரும் செய்தவை. அடுத்த வருடம் ஒன்றை வாங்கினேன். அப்போது அது வெறும் பிரவுசர்தான், வைஃபை இல்லாத அறையில் அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமே இருக்காது. 2016இல் ஆண்ட்ராய்டு ஆப்கள் வரும் என்றார்கள், 2018இல் லினக்ஸ். எழுத்தாணி இருபது வருடத்துக்கு முந்திய பாமினிக் கோப்பை அதற்குள் திறந்தார் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். வன்தட்டு அல்லது மின்கலம் மாற்றி ஓடக்கூடிய நிலையில் இருந்தால் பழைய கணினிகளில் போடுவதற்கான குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸைப் போட்டுப் பாருங்கள், 2022லிருந்து கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு ஆப்கள் மட்டும் அதில் வராது.

#13 புதுவரவு | புதன், மாலை 5.15

என் தங்கை கல்லூரியில் சேர்கிறாள். இதை வாங்கலாமா?

#14 கணினிவாத்தியார் | புதன், மாலை 6.40

தங்கை எந்தப் பாடம் என்பதைப் பொறுத்தது. கல்லூரி சொல்லும் மென்பொருள் பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள். பொறியியல் வரைபடம், கணக்கியல் மென்பொருள், கண்காணிப்புடன் நடக்கும் இணையத் தேர்வு, இவை மூன்றில் ஒன்று அதில் விண்டோஸ் வேண்டும் என்று இருந்தாலும் குரோம்புக் வேண்டாம். மொழி, வரலாறு, கல்வியியல் போன்ற படிப்பு என்றால் தாராளமாக வாங்கலாம். வாங்கினால் 8 ஜிபி ரேம் உள்ளதாகப் பாருங்கள். சேமிப்பைப் பெரும்பாலும் பிறகு சமாளித்துக்கொள்ளலாம். ரேமைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது.

#15 எழுத்தாணி | வெள்ளி, இரவு 11.20

ஒரு கெட்ட செய்தி. என் தவறுதான், மற்றவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நேற்று மாலை வைஃபையில் இணைவதில் தகராறு. நான் எதையோ மாற்றிவிட்டேன், எதை என்று நினைவில்லை. எல்லாம் கூகுளில்தானே இருக்கிறது, மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்போம் என்று பவர்வாஷ் செய்தேன். எச்சரிக்கை வந்தது, படித்தேன், ஒப்புக்கொண்டேன். சில நிமிடத்தில் புதுக் கருவி மாதிரி வந்து நின்றது. கணக்கில் நுழைந்ததும் டாக்ஸ் கோப்புகள், புக்மார்க், அமைப்புகள் எல்லாம் திரும்பின. வைஃபையும் சரியாகிவிட்டது.

அப்புறம்தான் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தேன். காலியாக இருந்தது.

அச்சகத்திலிருந்து வந்த பக்க வடிவமைப்பு பிடிஎஃப் ஒன்றை அதில்தான் வைத்திருந்தேன். கோப்பு மறுபடி மின்னஞ்சலில் கிடைக்கும். ஆனால் நாற்பத்திரண்டு பக்கத்தில் நான் திரையிலேயே போட்ட குறிகள் அத்தனையும் போயின. இரண்டு நாள் வேலை. ஒரு பக்கத்தில் மட்டும் பதினாறு குறி போட்டிருந்தேன், அது நன்றாக நினைவிருக்கிறது. லினக்ஸும் போய்விட்டது, பாமினி எழுத்துருவும் அதோடு சேர்ந்து.

இத்தனை நாளாக எல்லாம் அங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே இருப்பது எது, இந்தக் கருவிக்குள்ளேயே இருப்பது எது என்று ஒருமுறைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை. கோப்புகள் பகுதியில் இடப்பக்கம் "எனது கோப்புகள்" என்று ஒன்று, "கூகுள் டிரைவ்" என்று ஒன்று, இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. முதலாவதில் இருப்பது கருவியோடு போய்விடும். இவ்வளவு எளிய விஷயம்.

பழைய 2006 நாவல் பத்திரமாக இருக்கிறது. மூலக் கோப்பை அழிக்காதீர்கள் என்று முனையம் சொன்னதால் டிரைவிலும் வன்தட்டிலும் இரண்டு படி வைத்திருந்தேன்.

#16 மூத்தமகள் | சனி, காலை 8.10

படிக்கும்போதே மனது கஷ்டமாகிவிட்டது, எழுத்தாணி அண்ணா. இதைப் படித்துவிட்டு உடனே அம்மாவின் கருவியைத் திறந்து பார்த்தேன். பேத்தியின் முதல் நாள் பள்ளிப் படங்கள் டவுன்லோட்ஸில்தான் இருந்தன. இப்போதுதான் டிரைவுக்கு நகர்த்தினேன்.

#17 முனையம் | சனி, காலை 9.00

அண்ணா, இரண்டு காரியம் செய்யுங்கள். குரோம் அமைப்பில் டவுன்லோட் பகுதிக்குப் போய், கோப்பு இறங்கும் இடத்தை டிரைவில் ஒரு கோப்புறையாக மாற்றுங்கள். நீங்கள் குறி போடும் பிடிஎஃப் அங்கேயே இருக்கும், சேமித்தால் மேலே போய்விடும். அடுத்து, லினக்ஸை மறுபடி நிறுவிய பிறகு அதே அமைப்புப் பகுதியில் காப்புப் படி எடுக்கும் வசதி இருக்கிறது. மொத்த லினக்ஸும் ஒரே கோப்பாக வரும். அதை வன்தட்டில் போட்டு வையுங்கள். மறுபடி தேவைப்பட்டால் அந்தக் கோப்பிலிருந்தே எழுப்பலாம்.

#18 வடிகட்டி | சனி, காலை 9.45

எழுத்தாணி, குறிகள் போனதற்கு வருந்துகிறேன். அந்த பிடிஎஃபை நடுவில் யாருக்காவது அனுப்பியிருந்தீர்களா? அனுப்பிய மின்னஞ்சல்களில் இணைப்போடு தேடிப் பாருங்கள். அரைகுறைப் படியாவது கிடைக்கலாம்.

#19 எழுத்தாணி | சனி, மதியம் 2.35

வடிகட்டி, உங்களுக்குக் கோடி நன்றி. புதன்கிழமை பதிப்பாசிரியரிடம் ஒரு சந்தேகம் கேட்பதற்காக அதுவரை குறித்த படியை அனுப்பியிருந்தேன். சுத்தமாக மறந்துபோயிருந்தது. இருபத்தேழு பக்கம் கிடைத்துவிட்டது. மீதி பதினைந்து பக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும், அதில் அந்தப் பதினாறு குறிப் பக்கமும் ஒன்று.

முனையம் சொன்ன இரண்டையும் செய்துவிட்டேன். லினக்ஸ் இந்த முறை இருபது நிமிடத்தில் முடிந்தது, காப்புப் படி வன்தட்டில் இருக்கிறது. ஆஃப்லைனையும் வாத்தியார் சொன்னபடி வைஃபையை அணைத்துச் சோதித்தேன். மூன்று அத்தியாயம் திறந்தன. நான்காவதற்குக் குறி வைக்க விட்டுப்போயிருந்தது, வைத்தேன்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு நான் கண்ட பதில்: என் வேலைக்குப் போதும். 4 ஜிபி மட்டும் குறைச்சல்தான், அடுத்தது 8. நூற்றெண்பது பக்க நாவலை ஒரே கோப்பாகத் திறந்தால் அடித்த எழுத்து திரைக்கு வர அரை நொடி தயங்குகிறது. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துவிட்டால் அந்தத் தயக்கம் இல்லை. இன்று மதியம் அப்படித்தான் ஒன்பதாம் அத்தியாயத்தை முடித்தேன்.

பாமினிக் கோப்புகள் மொத்தம் எழுபத்து மூன்று இருக்கின்றன. வாரத்துக்கு ஐந்து என்று எடுத்து மாற்றப் போகிறேன். முதலில் அந்த 2006 நாவல்.

#20 முனையம் | சனி, மாலை 4.05

நாவலில் ஆங்கில உரையாடல் இருக்கிறதா அண்ணா? இருந்தால் மாற்றுவதற்கு முன் லிப்ரே ஆஃபீஸில் எழுத்துருவை வைத்துத் தேடுங்கள். பாமினி அல்லாத எழுத்துருவில் இருக்கும் சொற்களை மட்டும் மஞ்சள் அடித்து வைத்துவிட்டால், மாற்றிய பிறகு எங்கெங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

#21 எழுத்தாணி | சனி, மாலை 4.20

இருக்கிறது. கதாநாயகி தந்தி அலுவலகத்தில் வேலை செய்கிறவள், தந்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். இன்றிரவு மஞ்சள் அடிக்கிறேன்.